ஜெர்மன் போனுக்கு ஒரு கேபிள்

தேவராஜ் அண்ணன் சால்டரிங் அயர்னின் முனையை ஈரத்துணியில் ஒற்றினார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனி ஆளரவமில்லாமல் கிடந்தது. கீழே தையல் மிஷின்கள் எல்லாம் உறை போட்டு மூடியிருந்தன. பசை நாற்றமும் தோல் நாற்றமும் மட்டும் லீவு போடாமல் மாடி வரைக்கும் வந்துகொண்டிருந்தன.

என் மேசைமேல் ஒரு சாம்பல் நிற போன் குப்புறக் கிடந்தது. முதுகு மூடியைக் கழற்றி, நாலு ஸ்க்ரூவையும் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டு வைத்திருந்தேன். உள்ளே பச்சைப் பலகையின் ஓரத்தில் வரிசையாக நாலு குட்டி முள். அவற்றில் மூன்றுக்கு வயர் கொடுக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் செத்த போன் பிழைக்கலாம். எங்கேயாவது பிசகினால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

அதோடு சேர்ந்து ஓர் ஆளின் வேலையும் போய்விடும். நியாயமாகப் பார்த்தால் போக வேண்டியது என் வேலை. போக இருந்தது தேவராஜ் அண்ணனுடையது.

பயந்த கதையை எழுதுகிறவர்கள் கடைசியில் தைரியசாலி ஆகிவிடுவார்கள். நான் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

கேரியரோடு போனவர்

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேலைக் கடிதத்தில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். ஆனால் கம்பெனியில் எல்லாருக்கும் நான் 'கம்ப்யூட்டரம்மா'. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், மேனேஜர் பேரனுக்கு கேம் போட்டுக் கொடுப்பதும் நான்தான்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு மெயிலை ஆள் மாற்றி அனுப்பிவிட்டாராம். நான் சேர்ந்த நாள்தான் அவருக்குக் கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சாப்பிட விடவில்லை. வாட்ச்மேன் கூடவே நடக்க, கையில் கேரியரோடு கேட்டைத் தாண்டிப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த பயம், அந்தக் கம்பெனியை விடும் வரைக்கும் என்னை விடவில்லை.

ஜெர்மனியிலிருந்து வந்த சீமான்

எங்களிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரர் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி, ஒன்றைத் தன் மேசையில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எங்கள் முதலாளிக்கு அனுப்பியிருந்தார். இன்டர்நெட் வழியாகப் பேசுகிற போன். ப்ராட்பேண்ட் ஊருக்குள் அடியெடுத்து வைத்த புதிது. அதுவரைக்கும் வெளிநாட்டுக்கு போன் போட்டு, நாடு தூரமாக இருக்கிறதே என்று கத்திக் கத்திப் பேசிய மனுஷர் முதலாளி. இதில் மெதுவாகப் பேசினாலே போதும் என்றதும் குழந்தையாகிவிட்டார்.

வருகிறவர் போகிறவர் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிவந்து காட்டுவார். மேல்விஷாரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால்கூட, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கச் சொல்வார். உள்ளே 'ஊங்' என்று ஒரு ஓசை வரும், அவ்வளவுதான். அதற்கே மாஷா அல்லா சொல்லிவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமைதோறும் மத்தியானம் இரண்டரைக்கு ஜெர்மனிக்காரர் அதில் கூப்பிடுவார். அடுத்த சீசனுக்கு என்ன மாடல், சாம்பிள் எப்போது வரும் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் முடிவாகும். இரண்டரை ஆவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே முதலாளி தலைவாரி வந்து உட்கார்ந்துவிடுவார். போனில் முகம் தெரியாது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமைச் சட்டம்

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பன்னிரண்டரைக்கு வேலை நிற்கும். முதலாளி, மேனேஜர், கட்டிங் ஆட்களில் பாதிப்பேர் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். தையல் பெண்கள் சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள்.

எங்கள் கம்பெனியில் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. எப்போதோ ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் பள்ளிவாசலில் இருந்த நேரத்தில், பசை ஹீட்டரை அணைக்க மறந்து ஒரு மேசை கருகிப்போயிற்றாம். அன்றிலிருந்து பன்னிரண்டரை முதல் இரண்டு வரைக்கும் மொத்தக் கரண்டையும் மெயினிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்துகிறவர் எலக்ட்ரீஷியன் தேவராஜ் அண்ணன். மாதனூருக்கு உள்ளே ஒரு கிராமம். ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர். சின்ன மகள் நர்ஸ் படிப்பில் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். என் அம்மாவும் நர்ஸ் என்று தெரிந்த நாளிலிருந்து, மகளின் படிப்பைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

மெயினை நிறுத்துவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மாடிப்படிக்குக் கீழே நின்று, கைப்பிடிக் கம்பியில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். மெயின் ஆஃப் பண்றேன்மா என்று குரல் கொடுப்பார். மேலேயிருந்து 'சரிண்ணே' என்று பதில் வந்தால்தான் போர்டில் கை வைப்பார். வராவிட்டால் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். ஏழு மாதமாக வெள்ளிதோறும் நான் அந்தச் 'சரிண்ணே'யைச் சொல்லிவந்தேன். யோசித்தெல்லாம் இல்லை, வாய் பாட்டுக்குச் சொல்லும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தது. போனுக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறது, ஏற்றிக்கொண்டால் குரல் இன்னும் தெளிவாக இருக்கும் என்று. இன்றைக்கே ஏற்று என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதலாளி அசந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை. பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பித்தேன். ஏறி முடியும் வரைக்கும் போனுக்குக் கரண்டு நிற்கக்கூடாது என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதையும் படித்தேன்.

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருந்தது. மோடமும் அதில்தான். மூன்றாவதாக ஒன்றுக்கு அதில் இடமில்லாததால் போனின் அடாப்டரைச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தேன். சொருகியது இந்தக் கைதான்.

போனின் சின்னத் திரையில் கறுப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டு வந்தன. பாதி தாண்டியிருக்கும். கம்பியில் இரண்டு தட்டு. கீழேயிருந்து குரல். கண்ணைக் கட்டத்திலிருந்து எடுக்காமலே 'சரிண்ணே' என்றேன்.

ஃபேன் நின்றது. கட்டங்கள் அணைந்தன. கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

மூன்று சொல்

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது. போன் வரவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, திரை வெறிச்சென்று இருந்தது. பிடுங்கிச் சொருகினேன், மறுபடி பிடுங்கிச் சொருகினேன், பெயர் தெரிந்த எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன்.  

மேனேஜர் கலீல் சார் தொழுகை முடிந்து அத்தர் வாசனையோடு மேலே வந்தார். சாஃப்ட்வேர் ஏறும்போது கரண்டு போய்விட்டது என்று சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, நிறுத்தியது யார் என்று. அடுத்த நிமிஷம் தேவராஜ் அண்ணன் மேலே நின்றார். எப்போதும் போலச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன், மேலேயிருந்து சரி என்று பதிலும் வந்தது என்றார்.

கலீல் சார் என் பக்கம் திரும்பினார். "இன்னா ஜெனி, சொன்னாரா?"

கேட்டைத் தாண்டிப்போன அந்தக் கேரியர்தான் கண்ணுக்கு வந்தது.

"எனக்குக் கேக்கல சார்."

தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தன் காதில் விழுந்தது நிஜம்தானா என்று அவரே சந்தேகப்படுகிற மாதிரி பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "கீழ பொம்பளைங்க யாருனா பேசனத, நான்தான் தப்பா எடுத்துக்கினேன் போல சார்."

மண்டே இரண்டரைக்கு அந்த போன் அடிக்காவிட்டால் நீ வேலைக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு கலீல் சார் போய்விட்டார். முதலாளிக்கு அதுவரை தெரிய வேண்டாம் என்று எனக்கும் ஓர் உத்தரவு.

லாங் பஜாரில் ஒரு சனிக்கிழமை

சென்னையில் விசாரித்ததில், போனை அனுப்பினால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை காலை முழுக்க இன்டர்நெட்டில் துழாவினேன். இதே போனை இதே மாதிரி சாகடித்த புண்ணியவான் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், பிழைக்கவைத்த கதையை எழுதி வைத்திருந்தார்.

விஷயம் இதுதான். போனுக்கு உள்ளே நாலு முள் இருக்கிறது. ரிப்பேர்க்காரர்களுக்கான வாசல் அது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் உள்ள ஒன்பது முள் சீரியல் போர்ட்டிலிருந்து அங்கே ஒரு கன்சோல் கேபிள் கொடுத்தால், முகம் செத்த போனோடும் பேசலாம். பாதியில் நின்ற சாஃப்ட்வேரை அந்த வழியாகவே ஏற்றிவிடலாம். ஆனால் நேராகக் கொடுத்துவிடக்கூடாது. கம்ப்யூட்டர் அந்த வழியில் பன்னிரண்டு வோல்ட் வரைக்கும் தள்ளும். போன் மூன்று வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

நடுவில் வோல்ட்டைக் குறைக்க ஒரு சிப் வேண்டும். அது பழைய செல்போன்களைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் டேட்டா கேபிளின் தலைக்குள்ளேயே இருக்கிறது, அதை வாங்கி செல்போன் முனையை வெட்டிவிட்டால் போதும் என்று எழுதியிருந்தார்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும்படி தேவராஜ் அண்ணனிடமும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வேலூர் லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் புகுந்து புகுந்து, ஒவ்வொரு செல்போன் ரிப்பேர் கடையாக ஏறி இறங்கினேன். புது மாடலுக்கு இருக்கிறது, அது வேண்டுமா என்பார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ கடையில் ஒருவர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, சிக்கலாகச் சுருண்ட ஒரு கேபிளை எடுத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கேபிளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வயரு கலரை நம்பாதீங்க மேடம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டர் வெச்சுப் பாத்துட்டு குடுங்க. இல்லன்னா போன் காலி."

அந்தக் கேபிளைச் சாப்பாட்டுப் பையில் வைத்து, வீடு போகும் வரைக்கும் பையை மடியை விட்டு இறக்கவில்லை. நாளைக்கு ஆம்பூர் போக வேண்டும், கோயிலுக்கு வர முடியாது என்றதும் அம்மா பிடித்துக்கொண்டாள். ஆண்டவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாத கம்பெனி என்ன கம்பெனி என்று. அன்று ஜெபத்தில் போன் பிழைக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். உண்மையைச் சொல்லத் தைரியம் கொடும் என்று கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

மூன்று வயர்

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தேவராஜ் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். குளித்து, விபூதி பூசி, சொந்த சால்டரிங் அயர்னையும் மீட்டரையும் மஞ்சள் பையில் எடுத்து வந்திருந்தார். முகம் இரண்டு நாளில் ஒட்டிப்போயிருந்தது.

கேபிளின் செல்போன் முனையை வெட்டினார். ஒன்பது துளைத் தலையைப் பிரித்து, எந்த வயர் உள்ளே எங்கே போகிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்தோம். அது 'பீப்' என்றால் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்புகிற வயர் ஒன்று, வாங்குகிற வயர் ஒன்று, எர்த் ஒன்று. கடைக்காரர் சொன்னது சரி. கறுப்புதான் எர்த் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். எர்த் மஞ்சள்.

மேசையோரத்தில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து, முன்பக்க விளக்குக்குப் போகும் குட்டிச் சொருகிகளை வெட்டியெடுத்து, மூன்று வயரின் நுனியிலும் வைத்து ஈயம் போட்டார். போனின் முள்ளில் நேரடியாகச் சூடு காட்ட வேண்டாம், சொருகினால் போதும் என்பது அவர் யோசனை. எனக்கு அது தோன்றியிருக்காது. ஈயப்புகை எழும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார்.  நான் டார்ச் பிடித்திருந்தேன்.

மூன்றாவது வயருக்கு ஈயம் ஆறட்டும் என்று காத்திருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"இது என்னாலதான் போச்சாம்மா?"

"தெரியலண்ணே" என்றேன்.

தெரியாமல் என்ன. எல்லாம் தெரியும். என்மேல் எனக்கே அப்படி ஓர் அருவருப்பு வந்தது. ஆனாலும், நாளைக்கு இரண்டரை மணி வரைக்கும் பொறுத்துக்கொள்வோம், போன் பிழைத்துவிட்டால் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே வாய்தா வாங்கிக்கொண்டேன்.

போனின் நாலு முள்ளில் எது எர்த் என்று மீட்டர் சொன்னது. எதில் நிலையாக மூன்று வோல்ட் நிற்கிறதோ அதைத் தொடக்கூடாது. மீதி இரண்டில் எது எது என்று தெரியாது. ஒரு மாதிரி சொருகிவிட்டு, கர்த்தரே என்று போனுக்குக் கரண்டு கொடுத்தேன். கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை. அதில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. எரிந்த நாற்றம் வருகிறதா என்று இரண்டு பேரும் போனின்மேல் குனிந்து மோந்து பார்த்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அணைத்தோம். இரண்டு வயரையும் இடம் மாற்றினார். மறுபடி கொடுத்தேன். திரையில் குப்பை குப்பையாக எழுத்து கொட்டியது. எழுத்து வரும் வேகத்தைக் கம்ப்யூட்டரில் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை குப்பை போய், வரி வரியாகப் படிக்கிற மாதிரி இங்கிலீஷ் வந்தது. சாஃப்ட்வேர் பழுதாகியிருக்கிறது, புதிதை அனுப்பு என்று போன் கேட்டது.

உயிர் இருக்குதுண்ணே என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வயர் வழியாக ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த முறை அடாப்டரை யுபிஎஸ்ஸில் சொருகினேன். தேவராஜ் அண்ணனுக்கு அது போதவில்லை. கீழே போய் ஜெனரேட்டரை ஓடவிட்டார். ஏன் அண்ணே, யுபிஎஸ் இருக்கிறதே என்றேன்.

"நீ முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் நான் போர்டாண்டதான் நிக்கப் போறேன். எவனும் கை வெக்கக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை, வாட்ச்மேனைத் தவிர ஈ காக்கா இல்லை. யார் வந்து கை வைக்கப்போகிறார்கள். ஆனாலும் நின்றார். ஏறி முடிந்து, போனின் திரையில் வெளிச்சம் வந்து, ரிசீவரில் 'ஊங்' என்று கேட்டதும் கீழே ஓடினேன். ஜெனரேட்டர் சூட்டில் சட்டை முழுக்க நனைந்து, ஒரு கை போர்டின்மேல் வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

முடிஞ்சுதுண்ணே என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் அப்பா வயசுக்காரர். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரண்டு கோடு

திங்கட்கிழமை இரண்டரைக்கு போன் அடித்தது. முதலாளி தலைவாரி உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார். குரல் முன்னைவிடத் தெளிவு என்று ஜெர்மனிக்காரர் சொன்னாராம். முதலாளி எனக்கு ஷாபாஷ் சொன்னார். கலீல் சார் தேவராஜ் அண்ணனைக் கூப்பிட்டு, இந்தத் தடவை தப்பித்தாய், இனிமேல் வாயால் சொல்லிவிட்டு நிறுத்துகிற வேலை வேண்டாம், ஒரு நோட்டுப் போட்டு மேலே கையெழுத்து வாங்கிக்கொண்டு நிறுத்து என்றார். அவர் சரி சார் என்றார்.

நான் எனக்கு வாங்கிய வாய்தா அன்றோடு தீர்ந்தது. செவ்வாய் போனது. புதன், வியாழன் போயின. எதிரே பார்த்தால் தேவராஜ் அண்ணன் எப்போதும் போல மகளுக்கு ஊசி போடும் பாடம் வந்துவிட்டதைச் சொல்வார். நான் தலையாட்டுவேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை. எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மாடியில் நான் மட்டும். கம்பியில் தட்டுச் சத்தம் வரவில்லை. தேவராஜ் அண்ணன் படியேறி வந்தார். கையில் புதிதாக வாங்கிய நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, குண்டு குண்டாக எழுதியிருந்தார். நேரம், மேலே சொன்னது, கையெழுத்து என்று தலைப்பு. அன்றைய தேதிக்கு நேரே கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"மேல இன்னொண்ணு இருக்குதும்மா."

பார்த்தேன். அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. போன வெள்ளிக்கிழமையின் தேதி. மணி பன்னிரண்டரை. மேலே சொன்னேன், சரி என்றார்கள். கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

அவர் மிரட்டவில்லை. எதிர்பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. தன் காது சரியாகத்தான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவர் போல, மேசைக்கு அந்தப் பக்கம் செருப்பில்லாமல் நின்றிருந்தார். பேனா என் கையில் இருந்தது. கலீல் சார் இல்லை. முதலாளி இல்லை. போன் வேலை செய்துகொண்டிருந்தது. என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. அவர் ஒருத்தர் மட்டும் எதிரே.

"அன்னிக்கு எனக்குக் கேக்கலண்ணே" என்றேன்.

அவர் நோட்டை வாங்கி மூடினார். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கொஞ்ச நேரத்தில் ஃபேன் நின்றது.